பித்தளை ஏறிய மூட்டு

பர்மிங்காமில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. கொக்கிகளில் சைக்கிள் பிரேம்கள் தொங்குகின்றன. சக்கரமோ ஹேண்டில்பாரோ இல்லாத வெறும் எஃகுக் கூடுகள். பெரும்பாலும் 1970, 80களில் நெடும்பயணத்துக்கென்றே செய்தவை. கேரியரும் மட்கார்டும் மாட்ட முன்னும் பின்னும் காதுகள் இருக்கும். மிதிக்கும்போது சுமைப்பையில் குதிகால் இடிக்காதிருக்கப் பின்சக்கரத்தைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். இவற்றைச் சோதித்து விற்றுக்கொடுப்பவர், இளமையில் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் பற்றவைக்கும் வேலை பார்த்த பெரியவர்.

விற்க வருகிறவர்கள் பெருமையோடு காட்டுவது சீட் குழாயில் ஒட்டியிருக்கும் ‘ரெனால்ட்ஸ் 531’ ஸ்டிக்கரை. பெருமைப்படத் தக்கதுதான். வெளிவிட்டம் மாறாமல் குழாயின் நுனிகளைத் தடிப்பாகவும் நடுவை மெலிதாகவும் செய்யும் முறைக்கு ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றது இதே ஊரில். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 வந்தது 1935இல். மேல்குழாய் என்றால் நுனியில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 என்ற அளவில் இருக்கும். மூட்டில் பலம் குறையாது, எடை மட்டும் குறையும். ரெனால்ட்ஸைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான் 1949இல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் அம்பத்தூர் ஹெர்குலிஸ் சைக்கிளும் இங்கே தொங்குகிற பிரேம்களும் ஒருவகையில் பங்காளிகள்.

ஆனால் ஸ்டிக்கரைப் புதிதாக வாங்கியும் ஒட்டலாம். பெரியவர் அதைப் பார்ப்பதேயில்லை. சீட் தாங்கும் கம்பியை உருவிவிட்டு, குழாயின் உள்விட்டத்தை அளக்கிறார். 27.2 மில்லிமீட்டர் வந்தால் பெரும்பாலும் மெல்லிய குழாய். அதைவிடக் குறைந்தால் சுவர் தடித்தது, விலையும் இறங்கும்.

அடுத்து ஒரு நூல். பின் ஆக்சில் உட்காரும் பிளவில் ஒரு நுனியைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் இறுக்கினார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் போயிருந்த அன்று பார்த்த பச்சை பிரேமில் இரண்டு மில்லிமீட்டர் கோட்டம். எஃகுதான், நிமிர்த்திவிடலாம் என்றார். பிறகு பக்கத்தில் தொங்கிய வேறொன்றின் கீழ்க்குழாயில், முன்மூட்டுக்குச் சற்றுப் பின்னால், என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். கண்ணுக்குப் படாத மெல்லிய மேடு விரலில் தட்டியது. எப்போதோ நேராக எதிலோ மோதிய வண்டி. “இதை வாங்குகிறவர் முழுச் சுமையோடு மலையிறக்கத்தில் வருவார். சொல்லாமல் விற்கக் கூடாது.” அந்தக் குழாயை மட்டும் சூடுகாட்டிக் கழற்றி வேறு போடலாம், ஆனால் கூலி பிரேமின் விலையைத் தாண்டிவிடுமாம்.

அப்படிக் குழாய் மாற்றும் வேலை ஒன்று அன்று நடந்தது. லக் எனப்படும் மூட்டுறைக்குள் குழாயைச் செருகி, வெங்காரக் குழம்பு தடவி, தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடேற்றினார். குழாய் உருகக் கூடாது. பித்தளைக் கம்பி மட்டும் உருகி, உறைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள மயிரிழைச் சந்துக்குள் தானாக ஏற வேண்டும். ஏறக்குறைய 900 டிகிரி. அளக்கக் கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எஃகு எந்தச் சிவப்பில் இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். சூடு குறைந்தால் பித்தளை விளிம்பிலேயே நின்றுவிடும், கூடினால் மெல்லிய குழாய் கெட்டுவிடும். உறையின் மறு ஓரத்தில் மஞ்சள் கோடு எட்டிப் பார்த்ததும் தீயை விலக்கினார்.

பிரேமில் குழாய்க் கம்பெனியின் பெயர் உண்டு, சைக்கிள் கம்பெனியின் பெயர் உண்டு, சிலவற்றில் விற்ற கடையின் பெயர்கூட உண்டு. தீயைப் பிடித்தவர் பெயர் நான் பார்த்த எதிலும் இல்லை. ஒரு பிரேம் நாற்பது ஆண்டு சுமை தாங்கியும் மூட்டு விடாமல் இருக்கிறது என்றால், குழாய்க்கு நிகராக அந்தக் கண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. விலை பேசுகிறவர்கள் ஸ்டிக்கரையும் பெயின்ட்டையும் வைத்தே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் கை பட்ட பிரேமைப் பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். உறையின் விளிம்பை அரத்தால் ராவியிருக்கும் விதத்தை வைத்துச் சிலருடைய வேலையைச் சொல்லிவிடுவேன் என்றார்.

மாலையில் பச்சை பிரேமுக்கு ஆள் வந்தார். அதற்குள் கோட்டத்தை எடுத்து முடித்திருந்தார் பெரியவர். அட்டையில் எழுதி வைத்திருந்ததை அவருக்கு முழுதும் வாசித்துக் காட்டினார்: பின் பிளவுகளின் இடைவெளி 126 மில்லிமீட்டர், பெடல் அச்சு ஓடும் கூட்டுக்குள் மேலாகத் துரு, பெயின்ட் பிற்காலத்தது, இரண்டு மில்லிமீட்டர் கோட்டம் நிமிர்த்தப்பட்டது. வந்தவர் கையிலிருந்த சக்கரத்துக்கு 130 வேண்டும். ஒவ்வொரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, நூலை மறுபடி கட்டிப் பார்த்து, பிளவுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே பணத்தை வாங்கினார். அட்டைப்பெட்டியில் வைக்கும்போது பின் பிளவுகளுக்கு நடுவே அளவாக அறுத்த மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். ரயிலில் யாராவது மேலே மூட்டையை வைத்தால், விரித்த நாலு மில்லிமீட்டரும் போய்விடும் என்றார்.