ஐகிரவுண்டில் லெந்துக் கஞ்சி

சாம்பல் புதன், இரவு

லெந்து என்னும் தவக்காலம் முடியும்வரை காலையில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றுவது என்று சபையில் முடிவாகிவிட்டது. உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு. துணைக்கு வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து, துண்டை விரித்துப் படுத்து, டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறார்கள். "அசன விருந்துக்கு ஊருக்கே பொங்குறோம். அந்தக் கைக்கு வருசத்துல ஒருநாள்தான் வேலையா?" என்று போதகரின் மனைவி ஐயரம்மா கேட்டார். கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளி

விடியுமுன்னே அடுப்புப் பற்றவைத்தோம். வீட்டுக்கு வீடு கலயத்தில் சேர்ந்த கைப்பிடி அரிசிதான் கஞ்சிக்கு. மற்ற மாதங்களில் அதை ஏலம் விட்டு மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்புவோம். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். சோறாக வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். கஞ்சிக்கு அந்த வம்பில்லை. பாசிப்பருப்பு, வெந்தயம், உரித்த பூண்டு போட்டுத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அடிபிடித்தால் அண்டா முழுக்கத் தீய்ந்த வாடை. துழாவுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம். (பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நடக்கிற காரியமா!) இறக்கும்போது தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல்.

தூக்குச்சட்டியோடு வந்த பாட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பு காணாதே, தாயி" என்றாள். ஓசிக் கஞ்சிக்குக் குறை வேறயா என்று எங்கள் ஆள் ஒருவர் முணுமுணுத்தார். பாட்டி சொன்னது சரி. உப்பைக் கரைத்து ஊற்றிக் கலக்கினோம்.

திங்கள்

வாலிபர் சங்கத்துத் தம்பி ஒரு கட்டுச் சுவிசேஷக் கைப்பிரதியோடு வந்தான். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு பாட்டும் ஜெபமும் வைக்கலாம் என்றார் இன்னொருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வார்டிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று பதறிக்கொண்டு நிற்கிற தாயை, நாம் மூன்று சரணம் பாடி முடிக்கும்வரை காக்கவைப்பது என்ன நியாயம்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனெரிமார் நம் சீமையில் பசியாற்றினார்கள். அப்போது ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு நம் பூட்டன்மாரோடு போகவில்லை. நாமே அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஜெபத்தை அடுப்படியில், அண்டாவை வேனில் ஏற்றுமுன் செய்துகொள்வோம். வரிசையில் ஊர், பேர், மதம் எதுவும் கேட்பதில்லை. போதகரான ஐயரும் அதையே சொன்னார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

செவ்வாய்

வாளி தூக்க முதலில் வந்தது அந்தத் தம்பிதான்.

பெரிய வியாழன்

ஈஸ்டரோடு லெந்து முடியும், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் முடிவார்களா? செவ்வாயும் சனியுமாவது தொடருவோம் என்று பேசியிருக்கிறோம். பருப்பைக் கடைக்கார அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார். அரிசிக்கும் பஞ்சமில்லை. விடியற்காலையில் எழுந்து வர ஆள்தான் இல்லை. வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரம்மாவிடம் பெயர் கொடுங்கள். ஆண்களும் வரலாம், அண்டா கனம்.