சூடு ஏறட்டும்

"சாவியைக் கொடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பதுதான் ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாகக் கேட்கும் வரவேற்பு. தூத்துக்குடி மில்லர்புரத்து அண்ணாச்சி சாவியை வாங்கவே இல்லை. "நீங்களே ஓட்டுங்க தம்பி. வாகைக்குளம் வரைக்கும் போயிட்டு வருவோம். சூடு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

என்னுடையது பதினோரு வருஷத்து டீசல் கார். ஒரு மாதமாக அதில் ஒரு சத்தம். காலையில் எடுக்கும்போது இருக்காது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு சிக்னலில் நின்றால் கீழேயிருந்து 'டர்ர்' என்று நடுங்கும், நடுவே 'டக் டக்' என்று தட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கிவிடும். முதலில் காட்டிய இடத்தில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "எஞ்சினை இறக்கணும் சார்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நண்பர் ஒருவர் இங்கே அனுப்பினார். இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கும் நெடுநாள் ஆசை. அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "எழுதிக்கிடுங்க. எம் பேரும் கடைப் பேரும் மட்டும் வேண்டாம். வர்ற வண்டியப் பாக்கவே ஆளில்ல" என்றார்.

பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வேப்பமரம், தகரக் கூரை, நான்கு வண்டி நிற்க இடம். அவ்வளவுதான் கடை. அண்ணாச்சிக்கு அறுபதை நெருங்கும் வயது. தொழில் படித்தது காரில் இல்லை. திரேஸ்புரத்து வள்ளங்களில் டீசல் எஞ்சின் பார்த்தவர், பிறகு மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகளில். "கடல்ல எஞ்சின் நின்னா எறங்கித் தள்ள ஆளா இருக்கு?" என்றார். படகில் சத்தம் மாறுவது காதுக்குத் தெரியுமுன் பாதத்துக்குத் தெரிந்துவிடுமாம். இப்போதும் காரில் ஏறினால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றித்தான் உட்காருகிறார்.

பத்து நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது. "சூடாயிருச்சே அண்ணாச்சி" என்றேன். சிரித்தார். "அது தண்ணியோட சூடு. ஆயில் இன்னும் சூடாகல. ஓட்டுங்க."

இந்த ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. ரேடியேட்டர் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரிக்குச் சீக்கிரமே வந்து நின்றுவிடும். ஆயில் மெதுவாகத்தான் அந்தச் சூட்டை எட்டும்; நெடுஞ்சாலை ஓட்டத்தில் அதையும் தாண்டும். சூடான ஆயில் இளகி மெலியும். கிராங்குக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடியின் கனம்கூட இல்லை. அங்கே ஆயில் படலம்தான் மெத்தை. பேரிங் தேய்ந்திருந்தாலும் காலையில் கெட்டியான ஆயில் அந்தக் குறையை மூடி வைத்திருக்கும். ஆயில் மெலிந்த பிறகுதான் இரும்பு இரும்பில் அடிக்கும். பிஸ்டன் தேய்மானம் இதற்கு நேர்மாறு. ஆறிய எஞ்சினில் சிலிண்டர் சுவரில் தட்டும். சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். மேனிபோல்டு கசிவும் பல வண்டிகளில் அப்படித்தான், சூட்டில் இரும்பு விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினோ காலையில் எப்படியும் கரடுமுரடாகக் கத்தும். அந்த இரைச்சலில் எந்த நோயும் தனியாகக் கேட்காது. ஆக, எந்தச் சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் அண்ணாச்சிக்கு முக்கியம். இரண்டு நிமிஷம் பானெட்டைத் திறந்து கேட்டவர்கள் மேல் எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

கடைக்குத் திரும்பியதும் எஞ்சினை அணைக்கவிடவில்லை. ஏசியைப் போடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். கிளட்சை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். சத்தம் மாறவில்லை. "ஏல, பெரிய ஸ்குரூடிரைவர எடு" என்று பையனிடம் கேட்டு வாங்கி, நுனியை எஞ்சின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டார். கண் மூடியிருந்தது. வலது கை தொடையில் தாளம் போட்டது. கிராங்க் இரண்டு சுற்றுக்கு வால்வு ஒரு தடவைதான் திறக்கும் என்பதால் மேலே வால்வுப் பக்கத்துச் சத்தம் பாதி வேகத்தில் வரும். கீழே பேரிங் சத்தம் அதைவிட விரைவாக வரும். இதைக் கருவி இல்லாமல் தொடையில் எண்ணிவிடுகிறார்.

"உள்ள ஒண்ணுமில்ல" என்று எழுந்து, ஜாக்கி வைத்து, ஒரு கட்டையோடு வண்டிக்கு அடியில் போனார். சத்தம் சட்டென்று நின்றது. கட்டையை எடுத்தார், மறுபடி வந்தது. சைலன்சர் குழாய்க்கு மேலே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய தகடு. அதன் இரண்டு போல்ட் ஓட்டைகளும் துருவில் அரித்துப் பெரிதாகியிருந்தன. சூட்டில் தகடு நெளிந்து, ஐடிலிங் அதிர்வில் குழாயைத் தட்டியிருக்கிறது. "உப்புக் காத்து தம்பி. இங்க மேல பெயின்ட்டு பளபளன்னு இருக்கும், அடிய யாரு பாக்கா?" உப்பளங்களுக்கு நடுவில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு கிளாம்ப், கூலியோடு சேர்த்து இருநூறு ரூபாய்.

நான் கிளம்பியிருக்கலாம். அதற்குள் ஒரு டாக்ஸி வந்தது.

டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். வண்டி சொந்தம், தவணை பாக்கி. பதினைந்து நாளாகச் சத்தம். மதுரை போய்த் திரும்பும்போது ஆயில் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்ததாம். யாரோ சொன்னார்கள் என்று கனமான ஆயிலை ஊற்றியிருக்கிறார்; இரண்டு நாள் சத்தம் குறைந்தது. அண்ணாச்சி அவரைத் திட்டவில்லை. ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை ஊன்றினார். அந்த வண்டியோடு வாகைக்குளம் போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார்கள்.

ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டாவதை நிறுத்தியதும் தட்டல் பாதியாகக் குறைந்தது. பையன் முகம் மலர்ந்து, "ரெண்டாவது ராடுதான" என்றான். "அவசரப்படாதல. இன்ஜெக்டர் ஒழுகினாலும் இப்படித்தான் கொறையும்" என்றார் அண்ணாச்சி. ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டினார். வந்த சூட்டில் ஐடிலிங்கில் முள் அரை கேஜிக்கும் கீழே கிடந்தது. ஆயிரம் சுற்றுக்கு முக்கால் கேஜியாவது காட்டவேண்டும் என்பது அவர்கள் கைக்கணக்கு.

அதற்குப் பிறகும் எஞ்சினைத் திறக்கிற பேச்சு இல்லை. வண்டியை அணைத்து, ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்து வெயிலில் வைத்தார். பில்டரின் தகர உறையை அறுத்து, காகித மடிப்புகளை விரித்தார். கருப்பு ஆயிலுக்குள் பொடிப்பொடியாக ஒரு மினுமினுப்பு. பார்க்க அழகாகவே இருந்தது, சிப்பியின் உள்பக்கம் போல. பேரிங் அரைபட்ட தூள் அது.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். குளிப்பை அறிவிக்கும் முன் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பார்கள். தேறினால்தான் அறிவிப்பு வரும். முத்துப் பாரைத் தொடுமுன் கைப்பிடிச் சிப்பியைப் பார்க்கும் அந்த முறை, தட்டருகே குந்தியிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதுல மினுங்கினா நல்ல சேதி" என்று மட்டும் சொன்னார்.

பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சில்லாநத்தத்துல கரண்ட் கார் செய்யிறாவளே, அதுல சத்தமே வராதாமே?" வின்பாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டதிலிருந்து அவனுக்கு இதே யோசனையாம். எஞ்சின் இல்லாவிட்டாலும் சக்கர பேரிங்கும் சஸ்பென்ஷனும் இருக்கும், அதற்கும் காது வேண்டும் என்றேன். அவன் சமாதானமானதாகத் தெரியவில்லை.

டாக்ஸிக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராங்க் பிழைக்குமா என்பது இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். இப்போதே நிறுத்தினால் ராடு உடைந்து பிளாக்கைத் துளைக்காமல் தப்பும், ஒரு வாரமாவது ஆகும் என்று அண்ணாச்சி சொல்லி முடித்தார்.

"அண்ணாச்சி, காலையில அஞ்சு மணிக்கு ஒரு ஏர்போர்ட் டிரிப் மட்டும் இருக்கு. புது ஆயில ஊத்தி அத மட்டும் போயிட்டு வந்துருதேன்."

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு போனை எடுத்து, "மாப்ள, நாளைக்குக் காலையில ஒரு ஏர்போர்ட் டிரிப் இருக்கு, நீ போறியா?" என்று கேட்கத் தொடங்கினார்.