டவுசர் பையில் முந்நூறு கிராம்

மதுரைக்கு மேற்கே பாம்பு படுத்துக் கிடப்பதுபோல நீண்டு கிடக்கும் நாகமலை. அதை ஒட்டித்தான் காமராசர் பல்கலைக்கழகம். 1993-இல் அங்கே முதுகலைப் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். வறுமைக்கோடு எங்கே விழுகிறது என்று யார் கேட்டாலும், கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்ததற்குப் பெரிய சேவை மனசெல்லாம் காரணமில்லை. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் முடித்தால் சான்றிதழ் உண்டு என்றார்கள். அடிவாரத்து ஊர் ஒன்றில் பால்வாடிக்குப் போகச் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் வாடகை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

அரசாங்க ஏட்டில் அது அங்கன்வாடி மையம். ஊர்வாயில் பால்வாடிதான். ஓட்டுக்கூரை போட்ட ஒரே அறை, பின்பக்கம் ஒட்டுத்திண்ணை மாதிரி ஒரு அடுப்படி, வாசலில் புளியமரம். 1982-இல் சத்துணவு தொடங்கிய நாளிலிருந்து அந்த அடுப்படி ஆயாவின் ராஜ்யம். காலையில் வீடு வீடாகப் போய், இடுப்பில் ஒன்றும் இரண்டு கையில் இரண்டுமாகப் பிள்ளைகளைக் கூட்டிவருவதும் அவர்தான். பதினொன்றரைக்குச் சாம்பார் கொதிக்கும் வாசம் வந்துவிட்டால், ஆனாவும் ஆவன்னாவும் அதோடு சரி. அலுமினியத் தட்டுகள் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு சிறுமி வீறிட்டாள். ஊசி போட வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். மூன்றாவது வாரம் அவளே என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பால்வாடியில் சொல்லிக்கொடுக்கிறவர் யாரானாலும் பிள்ளைகளுக்கு டீச்சர்தான். எனக்கு மீசை இருந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. “ஆம்பள டீச்சர்” என்று ஊரே கூப்பிட்டது.

எனக்குக் கதை சொல்ல வராது, பாட்டும் வராது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். மையத்தை நடத்திய டீச்சர் எடைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். மாதம் ஒரு தடவை, விட்டத்தில் கடிகாரம் போன்ற வட்டத் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். அதன் கொக்கியில் தூளி மாதிரி ஒரு துணி. பிள்ளையை அதில் உட்காரவைத்தால் கால் உதறும், முள் ஆடும். அழுகை ஓய்ந்து முள் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். வயதுக்கேற்ற எடையில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கிரேடு போட வேண்டும். அப்போது 70-க்கு மேல் 80 வரை முதல் கிரேடு, 60-க்கு மேல் 70 வரை இரண்டாம் கிரேடு. அதற்குக் கீழே போனால் ஆபத்து.

ஒரு மாதம் எடை பார்த்தபோது ஒரு பையன் 10 கிலோ 800 கிராம் இருந்தான். போன மாதத்தைவிடக் கூடுதல். முத்துமுத்தாக எழுதி, முதல் கிரேடு என்று போட்டேன். டீச்சர் பதிவேட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

“தம்பி, டவுசர் பையைப் பாத்தீகளா?”

பார்க்கவில்லை. இரண்டு பைகளையும் கவிழ்த்தார். ஓடையில் பொறுக்கிய மூன்று கூழாங்கற்கள், கைகொள்ளாத புளியங்கொட்டை. மறுபடி ஏற்றினோம். 10 கிலோ 500. இரண்டாம் கிரேடு. பையனோ சொத்தைப் பறிகொடுத்தவன்போல அழுதான். ஆயா சிரித்தபடி ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அவன் கையிலேயே கொடுத்தார்.

“எழுத்து அழகா இருக்கு தம்பி. எழுதுறதுக்கு முன்னால பிள்ளையைத் தொட்டுப் பாருங்க” என்றார் டீச்சர். அன்று சாயங்காலமே அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அம்மா விடிவதற்குள் களையெடுக்கப் போய்விடுவதால், காலையில் பிள்ளைக்கு வெறும் நீராகாரம்தான் என்று தெரிந்தது. அதன்பிறகு அவன் வந்ததும் வராததுமாகச் சத்துமாவு உருண்டை ஒன்றைக் கையில் வைத்தார் ஆயா.

வகுப்பில் நான் படித்த 2,400 கலோரிக்கு முகம் இல்லை. இங்கே அதற்கு மூக்கு ஒழுகியது, டவுசர் நழுவியது.

அடுத்த மாதம் அவனை நானே தூக்கினேன். பைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தராசில் உட்காரவைத்தேன். முள் நின்றது. 10 கிலோ 800. பையில் ஒரு கல்கூட இல்லை.