அழுக்கு யாருடையது?

உல்லாசக் கப்பல் என்றதும் என்னென்ன கூறுகின்றனர்! ஆடலரங்கு உண்டு, நீச்சற்குளம் உண்டு, ஆழ்கடல் மீது அந்திவானம் உண்டு, அடுக்கடுக்காய் உணவு வகை உண்டு! விளம்பரத்தாளில் அத்தனையும் வண்ணப் படங்களாய் மின்னுகின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று, அழுக்குத் துணி. நாலைந்து நாள் கடலிலே இருக்கும் ஆயிரம் பேருக்கு வியர்க்காதா? குழம்பு சிந்தாதா? உப்புக் காற்று உடையிலே படியாதா? வியர்க்கும், சிந்தும், படியும். ஆயின், அதனைப் படமெடுத்துப் போட்டால் சீட்டு விற்குமா? ஆகவே அழுக்கு, கப்பலின் அடித்தளத்துக்கு அனுப்பப்படுகிறது. ஊரும் அதனை அவ்வாறேதான் ஒரு மூலைக்கு அனுப்பிற்று, அதனைச் சுமப்போரையும் சேர்த்து!

2022 சூன் 4ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் பிரான்சு நாட்டிலே கட்டப்பட்டு, பல கடல் கண்டு வந்த கப்பல் அது. 2023 சூனில் அது ஈழத்துக் காங்கேசன்துறையையும் தொட்டது. துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம். அதை அடுத்து வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். உவர்மண்ணிலே ஊறவைத்து, வெள்ளாவியிலே வேகவைத்து, கல்லிலே அடித்து, வெயிலிலே விரித்து வெண்மையாக்கினர். துணி கப்பலேறிற்று. துவைத்தவர் கரையிலே நின்றார்!

கப்பலேறுவதே பாவம் என்று கூறிய காலமும் இருந்தது. இதே துறைமுகத்தின் அலுவலகத்தில், 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதியவர் இராமானுசன். 1914 மார்ச்சு 17இல் அவர் 'நெவாசா' கப்பலேறி இங்கிலாந்து செல்லுமுன், குடுமி களையப்பட்டது, மேனாட்டு உடை பூட்டப்பட்டது. கணக்கிலே உலகை வியக்கவைத்த அறிஞருக்கும், கடல் கடக்கலாமா என்ற கேள்வியைக் கடப்பது கடலைக் கடப்பதினும் கடினமாயிருந்தது. பெரியாரோ 1929இலே மலேயா சென்றார். 1931 டிசம்பரில் எஸ். இராமநாதனையும் இராமுவையும் உடனழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பிரெஞ்சுக் கப்பலேறி ஐரோப்பா சென்றார். கடல் பொங்கவுமில்லை, கப்பல் கவிழவுமில்லை!

கடலைத் தடுத்த ஆசாரம் தோற்றது. துணியிலே குடிகொண்ட ஆசாரம் தோற்றதா? 'மடி' என்பதைக் காணுங்கள். வண்ணார் வீட்டிலிருந்து வெளுத்து மடித்து வந்த உடையைத் 'தீட்டு' என ஒதுக்கி, மீண்டும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பின்னரே உடுத்தவேண்டும் என்றனர். அழுக்கைக் கொடுத்தவன் தூயவன். அழுக்கைப் போக்கியவன் தீட்டுள்ளவன்! இந்த விந்தையான கணக்கை இராமானுசனும் விடுவித்திருக்க இயலாது. இது அக்கிரகாரத்தோடு நின்றிருந்தால் ஒழிப்பது எளிது. நம்மவரும் படிப்படியாய் ஏற்றுக்கொண்டனர். பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு, பெண் பருவமெய்திய தீட்டு என எல்லாத் துணியையும் ஒருத்தி தலையிலே ஏற்றிவைத்து, கூலியாக மிஞ்சிய சோற்றை அளந்தனர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்க்குத் துணி வெளுப்பவரை அதனினும் கீழே தள்ளி, 'புதிரை வண்ணார்' என்று பெயரிட்டனர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வெளிவந்தபோது, படித்தவர் பலர் 'இப்படியும் உண்டா?' எனத் திகைத்தனர். அவர்க்கென நலவாரியம் அமைந்தது 2009இல்தான்.

பெட்டிக்கு வருவோம். சென்ற கோடை விடுமுறையில் அக்கா குடும்பத்தாரோடு நாமும் ஒரு கடற்பயணம் சென்றோம். அத்தானுக்கு எண்ணூரில் தொழிற்சாலைப் பணி. கையில் வந்த ஊக்கத்தொகையைக் கொண்டு சீட்டு வாங்கினார். பெட்டிகள் நான்கு. நான்கையும் கட்டியவர் அக்கா ஒருவரே. அத்தானுக்கு ஒன்பது சட்டை. அத்தானின் தாயார் தமக்கென ஒரு படுக்கை விரிப்பு வேண்டுமென்றார். "யார் யார் படுத்த விரிப்போ! நமக்கு ஆகாது" என்பது அவர் வாதம். நமது கைப்பையில் சட்டை மூன்று.

கப்பற் பயணத்துக்குப் பெட்டி கட்டுவதிலே சில நுட்பங்கள் உள்ளன. செல்ல எண்ணுவோர்க்குப் பயன்படும் என்பதால் கூறுகிறோம். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வர். அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே மாற்றுடை ஒன்றும் மருந்தும் கைப்பையில் இருத்தல் வேண்டும். திரும்பும் நாளுக்கு முந்திய இரவே பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வதும் உண்டு. மறுநாட் காலைக்கான உடையையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, உறங்கிய உடையோடு கரையிறங்குவோர் எல்லாக் கப்பலிலும் இருப்பார்களாம்! தேய்ப்புப் பெட்டி கூடாது. அக்கா எடுத்து வந்ததைச் சோதனையிலே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுத்தனர். அது சரியே. கடலிலே தீப்பிடித்தால் ஓடுவதற்குத் தெரு ஏது? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு. மேல்தளத்திலே பாட்டு, ஆட்டம், விளக்கு. அத்தான் அங்கே இருந்தார். ஒன்பது சட்டையில் நான்கை அதற்குள் மாற்றியாயிற்று! அக்காவைக் காணோம். தேடிச் சென்றால், அறையின் சின்னஞ்சிறு குளியலறையிலே, முழங்கை இடிக்க இடிக்க நின்று சட்டைகளை அலசிக்கொண்டிருந்தார்.

"விட்டுவிட்டு வாருங்கள் அக்கா, கரையேறியதும் துவைக்கலாம்" என்றோம்.

"உப்பும் வியர்வையும் சேர்ந்து நாலு நாள் பெட்டியிலே கிடந்தால் நாற்றம் போகுமா தம்பி? அங்கே குழாயடியிலே துவைத்தேன், இங்கே குளியலறையிலே துவைக்கிறேன். இடந்தானே மாறிற்று! ஒன்று சொல்லவேண்டும், இந்தத் தண்ணீரிலே நுரை நன்றாக வருகிறது. நம் வீட்டிலே இப்படி வருமா?"

அந்த நுரைக்குக் காரணம் உண்டு. கப்பலுக்கு வேண்டிய நீரிற் பெரும்பகுதியைக் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, மெல்லிய சவ்வினூடே அழுத்திப் பிரித்தோ ஆக்கிக்கொள்கின்றனர். உப்புகள் நீங்கிய நீரிலே சோப்பு எளிதில் நுரைக்கும். திருவொற்றியூர் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. நுரை எழுமுன் கை சோர்ந்துவிடும். கடல்நீரை நன்னீராக்குவது கப்பலுக்கே உரிய வித்தையுமன்று. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆக்கும் நிலையம் 2010இல் தொடங்கப்பட்டது. நீருக்கு வழி கண்டது அறிவியல். துவைப்பவர் யார் என்பதற்கு அறிவியலா வழி காணும்?

துவைத்த சட்டை விடிந்தும் உலரவில்லை. பலகணித் தளத்திலே தொங்கவிடக் கூடாது. காற்று கடலுக்குக் கொண்டுபோய்விடும். கொண்டுபோகாவிட்டாலும் உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, துணியைப் பிசுபிசுக்கச் செய்யும்.

கப்பலில் சலவைக்குக் கொடுக்கலாமே எனக் கேட்கலாம். கொடுக்கலாம், உருப்படிக்கு இவ்வளவென்று கட்டணம் உண்டு. கொடுப்பதிலே குற்றமில்லை. அதனை வெளுப்பவரும் நம்போல் மனிதர், அதுவும் ஒரு தொழில் என்ற நினைப்போடு கொடுத்தால் போதும். உல்லாசக் கப்பல்களின் சலவைக்கூடங்கள் பெரும்பாலும் கீழ்த்தளங்களில் உள்ளன; சாளரமில்லை, கடலும் தெரியாது. விரிப்பு, துண்டு, மேசைத்துணி, சீருடை என ஓயாமல் வந்து குவியும். பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் மாதக்கணக்கில் ஒப்பந்தமாகி அங்கே உழைக்கின்றனர். கப்பல் தொழிலாளர்க்கென 2006இல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. வேலை நேரத்தைக் கணக்கிடும் நாட்டிலே ஏழு நாளைக்கு 72 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் நாட்டிலே ஏழு நாளைக்கு 77 மணி ஓய்வு தரவேண்டும். மேலோட்டமாய்ப் பார்த்தால் நல்ல சட்டம். கழித்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. ஓய்வு 77 போக மிச்சம் 91! எட்டு மணி வேலை கேட்டு ஆலைத் தொழிலாளர் போராடிய வடசென்னையிலே நின்றுகொண்டு இந்த 91ஐப் படிக்கும்போது நெஞ்சு சற்றே கனக்கிறது.

இன்னொன்றையும் கப்பலிலே கண்டோம். முந்திய பயணத்திலே யார் படுத்த விரிப்போ, அதிலே இன்று நாம் படுக்கிறோம். நாம் படுத்ததிலே நாளை மற்றொருவர் படுப்பார். எல்லா விரிப்பும் ஒரே உருளையிலே உருண்டு, ஒரே நீரிலே புரண்டு வருகின்றன. சாதி கேட்டுப் பிரித்து வெளுக்க அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை! அத்தானின் தாயார் கொண்டுவந்த விரிப்பு முதல் நாளோடு பெட்டிக்குள் போயிற்று. "இது நம்முடையதைவிட வெள்ளையாக இருக்கிறதே!" என்றார். நாம் வாதாடவில்லை.

துணி மாறாதிருக்க இன்று பட்டையும் எண்ணும் அச்சிட்ட சீட்டுகள் ஒட்டுகின்றனர். நம் வண்ணார் என்ன செய்தார்? சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு, துணியின் ஓரத்திலே குறியிட்டார். ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. எத்தனை துவைத்தாலும் அழியாத குறி. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர், நூறு வீட்டுத் துணியை ஒரே வெள்ளாவியில் அடுக்கி, ஒன்றும் மாறாமல் வீடு சேர்த்தார். வீட்டுக்கொரு எழுத்து வகுத்து நினைவிலே வைத்திருந்தவரைக் 'கற்காதவர்' என்றோம். அந்த மூளையைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் என்னென்ன வகுத்திருக்கும்!

பள்ளி திறந்ததும், ஏழாம் வகுப்பிலே கட்டுரைப் பாடத்துக்கு இதனையே தலைப்பாகக் கொடுத்தோம். 'ஐந்து நாள் கப்பற் பயணம் செல்வதாயின் பெட்டியில் என்னென்ன வைப்பாய்?' நம் பிள்ளைகளுக்குக் கப்பல் புதிதன்று; காசிமேட்டுக் கரையிலே பிறந்தோர் பலர். ஏறிச் செல்வதுதான் புதிது. பையன்களின் ஏடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே வரி: 'அம்மா எடுத்து வைப்பார்கள்.' ஒருவன் மட்டையும் பந்தும் என எழுதி, உடையை அடியோடு மறந்திருந்தான்.

ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாய் எழுதியிருந்தாள். தேய்ப்பு வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண். 'மூன்று உடுப்பு போதும். இரவிலே ஒன்றை அலசவேண்டும். முறுக்கிப் பிழிந்தால் சுருக்கம் விழும். உலர்ந்த துண்டை விரித்து, ஈரச் சட்டையை அதன்மேல் வைத்து, பாய் போலச் சுருட்டி, முழங்காலால் அழுத்தினால் ஈரமெல்லாம் துண்டுக்குப் போகும். பிறகு உதறி, தோள் பிடித்துத் தொங்கவிட்டால் விடிவதற்குள் காயும். தேய்க்கவும் வேண்டாம்.' இதை வகுப்பிலே படித்துக் காட்டியபோது, பின்வரிசையிலிருந்து ஒருவன் அவள் சாதியைச் சொல்லிச் சிரித்தான். அவள் தலை குனிந்தாள்.

நாம் அவனை அடிக்கவுமில்லை, அறிவுரை கூறவுமில்லை. மேசையைத் துடைக்கும் துணியை நனைத்து அவன் கையிலே கொடுத்து, ஒரு துண்டும் கொடுத்து, படித்தபடி செய்து காட்டச் சொன்னோம். அவனுக்கு வரவில்லை. சுருட்டியது அவிழ்ந்தது, தரையெல்லாம் தண்ணீர். அவள் எழுந்து, "அப்படி இல்லை, ஓரத்தை முதலில் உள்ளே மடிக்கணும்" என்றாள், சினமின்றி. மணி அடித்த பிறகு அவன் அவளருகே போய், தன் சட்டைப்பையிலே பரவியிருந்த மைக்கறையைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த திங்கள் தரங்கம்பாடிக்கு இரண்டிரவுச் சுற்றுலா. பெற்றோர்க்கு அனுப்பிய தாளிலே, 'உடை இரண்டு, துண்டு ஒன்று, சோப்பு ஒன்று. மாணவரே பெட்டி கட்டவும், மாணவரே தம் துணியைத் துவைக்கவும் வேண்டும்' என எழுதினோம். ஒரு தந்தை நேரிலே வந்துவிட்டார்.

"ஆண்பிள்ளையைத் துணி துவைக்க வைக்கலாமா ஐயா? ஊர் சிரிக்காதா?"

"பின் யார் துவைப்பது? உடன் வரும் பெண்பிள்ளைகளா?"

"அப்படிச் சொல்லவில்லை..." என்றவர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கையொப்பமாகி இன்னும் வரவில்லை. புறப்பட ஒன்பது நாள் இருக்கிறது.