மார்கழியில் ஒரு முழம் மல்லிகை

மார்கழி மாதத்தில் திண்டுக்கல்லுக்குப் போகிறவர்கள் மல்லிகைப் பூ வாங்கும் உத்தேசத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை. பூ மார்க்கெட்டில் விலையைக் கேட்டுத் திகைத்து, கடைசியில் ஒரு முழம் கனகாம்பரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்!

"ஏனம்மா இந்த அநியாய விலை?" என்று பூக்கார அம்மாளைக் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேற்கே மலையைக் காட்டினாள்.

"மேலே கொடைக்கானல்லே புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்காம். அந்தக் குளிரு இங்கேயும் அடிக்குது. மொட்டு வச்சாத்தானேம்மா பூ வரும்?"

அந்த வெள்ளைப் புல்லைப் பார்த்துவிடுவது என்று மறுநாளே பஸ் ஏறினேன். செம்பட்டி, வத்தலகுண்டு தாண்டியதும் மலைப்பாதை. சுமார் 900 அடி உயரத்திலிருக்கும் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் 7,000 அடிக்குப் போய்விடுகிறோம்.

விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். தரையெங்கும் உப்பைத் தூவினாற்போல் இருந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் பூமி தன் சூட்டை வானத்துக்குப் பறிகொடுத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து ஓடித் தேங்கும். அதனால்தான் ஏரிக்கரையில் உறைபனி. சற்று மேலே உள்ள சரிவில் வெறும் ஈரம். பார்க்க அழகுதான். ஆனால் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்களிடம் இந்த அழகைப் பற்றிப் பேசாதீர்கள். வெயில் ஏறியதும், வெந்நீரை ஊற்றினாற்போல் இலைகள் துவண்டு கருகிவிடும்.

மேல்நாடுகளில் பனி வேறு விதமாக வருகிறது. மழை நீராகவே விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடி போல் உறைந்துவிடும். 2013 டிசம்பரில் டொரான்டோ நகரில் அப்படிப் பெய்தபோது, பாரம் தாங்காமல் மரக் கிளைகள் மின்சாரக் கம்பிகள் மீது முறிந்து விழுந்தன. சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. தமிழர்கள் ஏராளமாக வசிக்கும் ஸ்கார்பரோவும் தப்பவில்லை. அங்கே பனி மடமடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. நம் மலையில் சந்தடியே இல்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

திரும்பும் வழியில் நிலக்கோட்டைப் பக்கம் இறங்கினேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மதுரையில் மட்டும் விளைவதல்ல. இந்த வயல்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. சமவெளியில் புல் உறைவதில்லை. ஆனாலும் மல்லிகை வெயிலின் செல்லப் பெண். பங்குனி, சித்திரையில் கொட்டித் தீர்க்கும் செடி, மார்கழிக் குளிரில் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. பொங்கல் சமயத்தில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய வருஷங்களும் உண்டு.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு கைப்பிடி மொட்டுத்தான் இருந்தது.

"விலை ஏறினால் உங்களுக்கும் நல்லதுதானே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"எங்களுக்கு எடைக்குத்தானேம்மா கூலி! சித்திரையிலே ஒரு மணி நேரத்திலே பறிக்கிறதை இப்போ காலை பூராப் பறிச்சாலும் சேராது. பூ வெல ஏறுற மாசந்தான் எங்க வீட்லே கடன் வாங்குற மாசம்."

பேசிக்கொண்டே அடுத்த செடிக்குப் போனவள், திரும்பிப் பார்த்து, "டவுன்லே முழம் என்ன வெலைக்குக் குடுக்கிறாக?" என்று கேட்டாள்.

சொன்னேன். "அடி ஆத்தீ!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து, இலைகளை விலக்கி மொட்டுத் தேட ஆரம்பித்தாள்.