கொஞ்சம் கீழ எறங்கு தம்பி!

தாய்ப் பறவை குஞ்சுக்கு இரை கொடுக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ. அது கிடைச்சா காலேஜ் போட்டோ போட்டியில நாமதான் ஹீரோ! சீனியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கேமராவும் 300 எம்.எம். லென்ஸுமாக, போன மார்ச்சில் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் போய் இறங்கினேன். ராம்சர் அங்கீகாரம் வாங்கின பறவைகள் சரணாலயம்.

காலையில குளத்துல செம வேட்டை! மஞ்சள்மூக்கு நாரை கண்ணால மீனைத் தேடுறதே இல்லை. அலகைப் பாதி திறந்து தண்ணிக்குள்ள விட்டு, இப்படியும் அப்படியும் துழாவுது. மீன் பட்டதும் 'டக்'! எங்க லேப் சென்சார் எல்லாம் பிச்சை வாங்கணும்.

மீனை முழுங்கிட்டு நாரை பறந்தது நேரா ஊருக்குள்ள. ஆமாங்க, இங்கே வீட்டு வாசல் மரத்துலகூட கூடு கட்டும். நான் சும்மா இருப்பேனா? கூட்டுக்கு நேரா இருந்த மொட்டை மாடியில ஏறி லென்ஸை நீட்டிட்டேன்.

கூட்டில் மூணு குஞ்சு. ஒரே கத்தல். நாரை வந்தது, வட்டம் போட்டது, இறங்காம அடுத்த மரத்துல போய் உட்கார்ந்துடுச்சு. பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... வெயில் ஏறுது. குஞ்சுங்க வாயைப் பிளந்து மூச்சு வாங்குது.

கீழேயிருந்து ஒரு பாட்டி குரல் கொடுத்தாங்க. "ஏ தம்பி, கீழ நடமாடுற எங்களுக்கு அது பயப்படாது. நீ கூட்டுக்கு நேரால்லா நிக்கே? புள்ளைங்க பசியில கெடக்கு பாரு!"

தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்கு மீன் கொடுத்து வளர்க்கிற ஊர். அங்கே போய் நான் மூணு குஞ்சைப் பட்டினி போட்டிருக்கேன்! சட்டுனு இறங்கி, தெருக்கோடிக்குப் போய் நின்னேன்.

அஞ்சு நிமிஷத்துல நாரை இறங்கிடுச்சு. கூட்டுக்குள்ள மீனைக் கக்க, மூணும் போட்டி போட்டுப் பொறுக்குச்சு. அப்புறம் அது இறக்கையை விரிச்சு, குடை மாதிரி நிழல் கொடுத்தது பாருங்க...

போட்டோ? நாரை தம்மாத்தூண்டு, குறுக்கே ஒரு கிளை வேற. பரிசு அவுட்! ஆனா, அதைத்தான் ஹாஸ்டல் ரூம்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

நீங்களும் கேமராவோட கிளம்புறீங்களா? ஃபிளாஷ் வேண்டாம். இரையோட வந்த பறவை கூட்டில் இறங்கத் தயங்கினா, ரொம்பக் கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம். பின்னால வந்துடுங்க பாஸ், அங்கே பசியோட குஞ்சுங்க காத்திருக்கு!