செவலைக்கு மோர் கொடுத்த கதை

நாய் வளர்ப்பில் நான் ரொம்பக் கவனமானவன் என்று காவாந்தண்டலத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. செவலையின் காது மடலில் ஓர் உண்ணி தென்பட்டால் போதும், பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டு, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை நொண்டினாள் என்று, என் மூட்டுவலி மாத்திரையில் பாதியை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். கால்நடை டாக்டர் கேட்டுவிட்டுக் கத்தினார். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி நாம் விழுங்கும் வலி மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுத்துவிடுமாம். கடைசியில் பார்த்தால் பாதத்தில் நெருஞ்சி முள்.

அதே டாக்டர், வெறிநாய்க்கடி ஊசி போட்ட அன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "ஆறு மாசம் ஆனதும் கூட்டியாங்க, கருத்தடை பண்ணிடலாம். முதல் பருவத்துக்கு முன்னாடி பண்றதுதான் நல்லது."

ஆறாம் மாதம் ஆடியில் வந்து விழுந்தது. ஆடியில் யாராவது நல்ல காரியம் செய்வார்களா? ஆவணியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பொட்டச்சி பாவம்பா, ஒரு ஈத்தாவது பாக்கட்டும்" என்றார். எனக்கும் அது தர்மமாகப் பட்டது. உள்ளே ஓடிய கணக்கு வேறு: வண்டி வாடகை, கத்தி வைக்கிற பயம். கருத்தடையெல்லாம் வலை வீசிப் பிடிக்கிற தெருநாய்க்குத்தான் என்ற நினைப்பும் இருந்தது. சென்னையில் புளூ கிராஸ் 1964லேயே தொடங்கிய வேலை அது. கருத்தடைக்கு அடையாளமாகக் காதோரம் நறுக்கிய நாய்களை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் திண்ணையில் படுத்திருப்பவளோடு அதை முடிச்சுப் போட்டதே இல்லை.

மார்கழியில் ரத்தம் கண்டதும் ஓடினேன். "இப்ப வேணாம், ரத்தக்குழாயெல்லாம் புடைச்சிருக்கும், ரெண்டு மூணு மாசம் போகட்டும்" என்றார் டாக்டர். அதற்குள் செய்யாற்று மணலில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மாசியில் ஐந்து குட்டிகள்.

ஆண்குட்டி இரண்டும் கண் திறந்த கையோடு பேசி முடிந்தன. பெட்டை மூன்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பு நிறத்தில் இருந்ததைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார். மீதி இரண்டையும் ஒருநாள் இருட்டியபின் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோய், மெயின் ரோட்டு டீக்கடை ஓரம் விட்டுவிட்டு வந்தேன். டீக்கடை என்றால் எப்படியும் பொறை கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று ஜல்லி லாரியில் அடிபட்டதாகக் கடைக்காரர் சொன்னார். மற்றது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பால் வற்றட்டும் என்றார்கள், சரி. நடவு வந்தது, அதுவும் சரி. தள்ளிப்போட எனக்குக் கிடைத்த காரணம் ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அடுத்த மார்கழியில் புத்திசாலித்தனமாக அவளை மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போட்டேன். ஒரு நாயும் அண்டவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று தை மாதமெல்லாம் நிம்மதியாக இருந்தேன்.

பங்குனியில் செவலை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். தொட்டித் தண்ணீர், மாட்டுக் கழுநீர், எதையும் விடவில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள். வெயில், உடம்புச் சூடு என்று முடிவுகட்டி மோர் ஊற்றினேன். வாலடியில் ஏதோ கசிந்தது. மறுபடி பருவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று விடியற்காலை பால் கறக்க உட்கார்ந்தேன். மாடு கன்று போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. கறக்கும் முன் வாலைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். கோழை தெளிவாக நூலாக இறங்கினால் மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது. கன்று போட்டபின் கலங்கி, நாற்றமடித்தால் கருப்பையில் சீழ். இது எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். பார்த்தேன், மாடு சுத்தமாக இருந்தது. ஆனால் நாற்றம் இருந்தது. சொம்பைக் கீழே வைத்தேன். பக்கத்தில் செவலை படுத்திருந்த சாக்கைப் புரட்டினேன். செங்கல் நிறத்தில், கெட்டியாக, திட்டுத்திட்டாக. மேலே காய்ந்தது, அடியில் ஈரம். ஒருநாள் கசிவு இல்லை அது. தினமும் அதே இடத்தில் உட்கார்ந்துதான் நான் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை தலையைத் தூக்காமல் வாலை மட்டும் ஒருமுறை தட்டினாள்.

குட்டியானை பிடித்துச் சென்னை வேப்பேரிக்குப் போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெட்டை நாய் சினையானாலும் ஆகாவிட்டாலும், பருவம் முடிந்தபின் இரண்டு மாதம் போல உடம்பு சினைக்கான ஏற்பாட்டிலேயே இருக்கும். கருப்பைச் சுவர் தடிக்கும். ஒவ்வொரு பருவத்திலும் இதே கதை. கிருமி புகுந்துவிட்டால் சீழ் கட்டும், அந்த விஷம் சிறுநீரகத்தைத் தொடும், அதனால்தான் அந்தத் தாகம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் கசிவே தெரியாது, அது இன்னும் மோசம். "இவளுக்குத் திறந்திருந்தது, உங்க அதிர்ஷ்டம்" என்றார். நான் கொட்டகையில் கட்டிப்போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை முடிந்து தட்டில் காட்டினார்கள். விரல் பருமன்கூட இருக்க வேண்டாத கருப்பை, இரண்டு பக்கமும் வாழைக்காய் போல வீங்கிக் கிடந்தது. ஆறாம் மாதத்தில் செய்திருந்தால் சின்னத் தையலோடு போயிருக்கும். இப்போது வண்டி வாடகை, ஊசி, குளுக்கோஸ் என்று நெல் விற்ற காசில் ஒரு பகுதி போனது. சிறுநீரகம் தேறுமா என்று தெரிய இன்னும் சில வாரம் ஆனது. தேறினாள். பழைய ஓட்டம் மட்டும் இல்லை.

பெரியம்மா வீட்டுக் கருப்பியும் ஒரு மார்கழியைத் தாண்டிவிட்டாள். எப்படியோ சினை நிற்கவில்லை. சித்திரை பிறந்ததும் போய்ப் பேசினேன். டீக்கடைக் குட்டிகளைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

"வண்டிக்கு யாருப்பா குடுக்கறது?"

"நான்தான் பெரியம்மா."

"ஆப்ரேசனுக்கு?"

"அதுக்கும்தான்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, இந்தக் கத்திரி வெயில் போவட்டும்."

"காலையில ஆறு மணிக்கு வண்டி வந்துடும், ராத்திரி அவளுக்குச் சோறு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.